கடையில் கற்ற தொழில்: அன்றும் இன்றும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி. ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள் மாறிய முதல் நாள். குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெயின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. அன்று காலை வசூலுக்காக ஒரு சில்லறைக் கடையில் நின்றிருந்தோம். ஓர் அம்மா சோப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "வரியைக் குறைச்சாச்சுன்னு டி.வி.யிலே சொன்னாங்களே தம்பி, இதுல பழைய விலைதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். கல்லாவில் இருந்த பையன் விழித்தான். "முதலாளி வந்தா கேளுங்கம்மா" என்றான். அந்த அம்மா சோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே தெருவில் நாலு கடை தள்ளி இன்னொரு கடை. அங்கும் இதே கேள்விதான். பில் போடும் பெண் சிரித்த முகத்துடன், "அட்டையிலே அச்சடிச்சது பழைய விலைம்மா. பில்லுல புது வரிதான் விழும், பாருங்க" என்று காட்டினாள். முந்தின இரவு கடை சாத்திய பிறகு முதலாளி ஆட்களை உட்கார வைத்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு கடைக்கும் சரக்கு ஒன்று, விலை ஒன்று, தெருவும் ஒன்று. ஒரு கடையில் கற்றுக்கொடுத்தார்கள், இன்னொரு கடையில் கற்றுக்கொடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இதைப் பற்றித்தான் வணிகப் பெருமக்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

பார்த்துப் பழகிய காலம்

1970களின் நடுவில் நாங்கள் மண்டிக்குள் நுழைந்தபோது யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. முதலில் கடை வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு சாக்கு உதறி மடிப்பது, பழைய பேப்பரில் பொட்டலம் மடிப்பது. சீனிப் பொட்டலம் ஒரு விதம், மிளகுப் பொட்டலம் ஒரு விதம். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். அது கைவரவே ஆறு மாதம் ஆகும்.

அதன் பிறகுதான் தராசு. தராசுக்குப் பிறகு சிட்டை எழுதுவது. சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றுவது. கடைசியாகத்தான் கொள்முதல். மூட்டையில் குத்தூசியைச் செருகிச் சரக்கை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கும் உரிமை எளிதில் கிடைத்துவிடாது. துவரம் பருப்பைக் கடித்தால் சட்டென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். வற்றலைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சத்தமில்லை என்றால் காயவில்லை. மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் நிற்கும், பப்பாளி விதை மிதக்கும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததல்ல. பெரியவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

இந்த முறை நம் நாட்டு வணிகத்தில் வெகு காலமாக இருந்துவந்ததே. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பெட்டிக்கடைகளில், சிறுவயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் படிப்படியாக அடுத்தாளாகி, பிறகு கடையையே பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்தார். இப்படி மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து போய் வந்தவர்கள் பின்னாளில் சொந்த லேவாதேவி நடத்தினார்கள்.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும்

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கடையில் நிறுத்தினார்கள். தவறு செய்தால் அடிதான் பாடம். காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை. இன்று அது நடக்காது, நடக்கவும் கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டம் கொண்டு வந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவையே.

இன்னொரு குறையும் உண்டு. அன்றைய முதலாளிகள் பலர் தொழிலின் சூட்சுமத்தை மறைத்தார்கள். கொள்முதல் விலையைக் குறிப்பெழுத்தில் எழுதி வைத்தார்கள். பையனாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு. அவன் ஏழெட்டு ஆண்டுகள் கடையிலேயே கிடந்ததால் எப்படியோ கற்றுக்கொண்டான். இன்று வேலைக்கு வரும் இளைஞர் ஓராண்டு நின்றாலே பெரிது. பார்த்துப் பழகட்டும் என்று விட்டால் அவர் பழகுவதற்குள் போய்விடுவார். அதனால்தான் கற்றுக்கொடுப்பதை இனி ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

மாற்றம் புதிதல்ல, வேகம்தான் புதிது

எங்கள் தகப்பனார் காலத்திலும் பெரிய மாற்றம் வந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்று மனக்கணக்குப் போட்டவர்கள் நூறு பைசாவுக்கு மாற வேண்டியிருந்தது. ஓரணா என்பது 6¼ பைசா. அந்தக் கால் பைசாவுக்காகக் கடைதோறும் வாக்குவாதம். அடுத்து 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவை வந்தது. 40 பலம் ஒரு வீசை என்று பழகிய கைகள் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் ஒரு வீசை என்று மாற்றிக் கணக்கிட்டன. கடைச் சுவரில் மாற்று அட்டவணை தொங்கியது. ஆனாலும் பழக அவர்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் கிடைத்தது.

நம் காலத்தைப் பாருங்கள். 2007 ஜனவரி 1இல் வாட் வரி வந்தது. அதைப் பழகிக்கொள்ளப் பத்தாண்டு கிடைத்தது. பிறகு 2016 நவம்பர் 8இல் பண மதிப்பு நீக்கம், 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி., 2019 ஜனவரி 1இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. நான்கு ஆண்டுகளுக்குள் நான்கு. அதோடு முடிந்ததா? 2022 ஜனவரி முதல் உணவுப் பொருள் பில்லில் 14 இலக்க உரிம எண் அச்சிட வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி. அதே அரிசியை மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரியில்லை. இந்த வித்தியாசம் தராசில் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நாள் முழுவதும் தப்பான பில்தான்.

ஒரு முறை கற்றதை வைத்து நாற்பது ஆண்டுகள் கடை நடத்திய காலம் போய்விட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கற்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

நாங்கள் பட்ட பாடு

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் மண்டியில் முப்பதாண்டு இருந்த கணக்குப்பிள்ளை, "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம் முதலாளி" என்று வீட்டுக்குப் போய்விட்டார். படித்த தம்பி ஒருவரை வேலைக்கு வைத்தோம். கெட்டிக்காரர். பில், கணக்கு, வரித் தாக்கல் எல்லாம் அவர்தான். நாங்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் தொழில் செய்த நாம் இந்த வயதில் ஒரு சின்னப் பையனிடம் போய்க் கேட்பதா என்ற எண்ணம்தான். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்.

2018இல் அவருக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்தது. ஒரு வார அவகாசத்தில் போய்விட்டார். கம்ப்யூட்டரைத் திறக்கும் ரகசியச் சொல்கூட எங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் கேட்டுத் திறந்தால், எங்கே எது இருக்கிறது என்று புரியவில்லை. அந்த மாதத் தாக்கல் தள்ளிப்போனது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் வட்டி. பணத்தைவிட, கொள்முதல் தொகை எங்கள் ஏட்டில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக இருந்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

கடைசியில் பழைய கணக்குப்பிள்ளையைத்தான் கூப்பிட்டோம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. "எல்லாத்தையும் தாள்ல அடிச்சுக் குடுங்க" என்றார். சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வரிசையாகச் சிட்டையோடு ஒத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் மாலை, உளுந்துக் கொள்முதல் பில் ஒன்று இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார்.

அன்று எங்களுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் தொழில் அறிவு கடையின் சொத்து ஆகாது. அவர் போகும்போது அதுவும் போய்விடும். இரண்டாவது, புதியதைக் கற்பதால் பழையது வீணாவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு, உறவுக்காரப் பெண் ஒருத்தியை வைத்து, கடை சாத்திய பின் பத்து நாள் மாலையில் பில் போடவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொண்டோம். கல்லூரி மாணவி அவள். "மாமா, பயப்படாம அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று அவள் சொன்னதுதான் முதல் பாடம்.

இயந்திரம் சொல்லித் தராதவை

கம்ப்யூட்டர் இருப்பைச் சொல்லும், விலையைச் சொல்லும். ஆனால் மூட்டையின் அடியில் வண்டு வைத்திருப்பதைச் சொல்லாது. முந்தி வந்த சரக்கு முந்திப் போக வேண்டும் என்பதை அலமாரியில் அடுக்குகிற ஆள்தான் அறிய வேண்டும். பழைய பாக்கெட்டைப் பின்னால் தள்ளிப் புதியதை முன்னால் வைத்தால், காலாவதியாகி நிற்கும் நஷ்டம் நமக்குத்தான்.

பணம் வாங்குவதிலும் அப்படியே. யு.பி.ஐ. வந்த பின் சில்லறைத் தட்டுப்பாடு குறைந்தது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் தன் செல்போனைக் காட்டி "அனுப்பிட்டேன்" என்றால் அது பணம் வந்ததாகாது. போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நம் கடைக் கருவி அறிவித்ததா, நம் செல்போனில் செய்தி வந்ததா என்று பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை மேல் வேறு அட்டை ஒட்டியிருக்கிறதா என்று காலையில் கடை திறந்ததும் பார்ப்பதும் இன்றைய கடைப் பாடம்தான்.

கற்றுக்கொடுத்தால் போய்விடுவாரே?

பலர் மனதில் இருக்கும் கேள்வி இது. தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவாரே என்கிறார்கள். போடலாம். எங்கள் மண்டியில் நின்று பழகியவர்களில் மூன்று பேர் இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள். மூவரும் சரக்கு எடுப்பது எங்களிடம்தான். சரக்கின் தரம் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களோடு வியாபாரம் சுலபமாகவும் இருக்கிறது.

கற்றுக்கொடுக்காததால் வரும் நஷ்டம்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் பேரேட்டில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பழைய கடைகளின் பக்கம் முடிந்துபோகிறது. வியாபாரம் இல்லாமல் மூடியவை சில. பெரியவர் படுத்துவிட்டார், பிள்ளைக்கோ ஆட்களுக்கோ ஒன்றும் தெரியவில்லை என்று மூடியவை பல. பெரிய அங்காடிகள் ஆளை எடுத்ததும் முதலில் பயிற்சிக்குத்தான் அனுப்புகின்றன. நாமோ வந்த அன்றே எடைக்கு நிறுத்திவிடுகிறோம்.

செய்யக்கூடியவை

செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

1. காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள். இன்று வற்றல் பார்ப்பது, நாளை காலாவதித் தேதி பார்ப்பது.

2. கடைக்கு ஒரு நோட்டு வையுங்கள். எந்தச் சரக்கு யாரிடம் எடுப்பது, பில் இயந்திரம் நின்றால் என்ன செய்வது, வரி கட்டும் தேதி எது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ரகசியச் சொற்களை மட்டும் தனியே எழுதி முதலாளியின் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

3. எந்த வேலையும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் வீட்டு ஆளாக இருப்பது நல்லது.

4. வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் வாயால் சொல்லி நிறுத்திவிடாமல், செய்து காட்டிச் செய்யச் சொல்லிப் பாருங்கள். மூட்டையில் வண்ண அடையாளம் போட்டால் மொழி தடையாக இருக்காது.

5. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 முதல் 'ஃபோஸ்டாக்' என்ற பெயரில் பயிற்சித் திட்டம் நடத்திவருகிறது. கடைக்கு ஒருவரையாவது அனுப்பி வையுங்கள். சுத்தமும் சேமிப்பு முறையும் தெரிந்த ஆள் இருந்தால் அதிகாரி வரும்போது பதற வேண்டியதில்லை.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் கூடுவோம். முதல் பாதியில் மூத்த வணிகர்கள் சரக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கட்டும். மாதிரிச் சரக்கு எங்கள் மண்டியிலிருந்து கொண்டு வருகிறோம். மறு பாதியில் நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரையும் வரிக் கணக்கையும் நமக்குக் கற்றுக்கொடுக்கட்டும். வயதில் சிறியவரிடம் கற்பதில் வெட்கம் வேண்டாம். அந்த வெட்கத்துக்கு நாங்கள் கொடுத்த விலையை மேலே சொல்லிவிட்டோம்.