செருப்புகள் சொன்ன கணக்கு

போர்ட்டோ ரிக்கோ தீவின் ஜனங்கள் 1917-ம் வருஷம் முதல் அமெரிக்கப் பிரஜைகள். ஆனால், தீவில் வசிக்கும் வரையில் ஜனாதிபதித் தேர்தலில் வோட்டுப் போட அவர்களுக்கு உரிமை கிடையாது. இந்த விசித்திரமான பிரஜா உரிமையின் மதிப்பை 2017 செப்டம்பர் 20-ந் தேதி வீசிய 'மரியா' புயல் காட்டிக் கொடுத்தது.

மணிக்கு 155 மைல் வேகத்தில் வந்த அந்தச் சண்டமாருதத்தால் தீவு முழுவதும் இருளில் மூழ்கிற்று. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் சென்றது. இதற்கிடையில் மருந்துக்கும் சிகிச்சைக்கும் வழியின்றி முதியோரும் நோயாளிகளும் ஓசையின்றி மாண்டார்கள். பார்வையிட வந்த ஜனாதிபதி டிரம்ப், கூட்டத்தினரிடையே காகிதத் துவாலைச் சுருள்களை வீசி எறிந்தார். கத்ரீனா புயலோடு ஒப்பிட்டு, சாவு பதினாறே என்பதற்காகப் பெருமைப்படலாம் என்றும் அருளினார்!

தீவின் சர்க்கார் பிற்பாடு 64 என்று எழுதி வைத்துக் கொண்டு மாதக்கணக்கில் வாளாவிருந்தது. சுவர் இடிந்து செத்தால் புயற் சாவு. மின்சாரமின்றி மூச்சுக் கருவி நின்று செத்தால் பெரும்பாலும் கணக்கில் ஏறவில்லை. கூட்டலில் இவ்விதம் தவறும் மாணவனை நான் பெஞ்சின் மேல் நிறுத்துவதுண்டு.

ஜனங்கள் வேறு விதமாகக் கணக்குப் பார்த்தார்கள். 2018 ஜூனில், ஸான் ஹுவான் நகரின் சட்டசபைக் கட்டிடத்துக்கு முன்னே, இறந்தோர் நினைவாகச் செருப்புகளையும் பூட்ஸுகளையும் நூற்றுக்கணக்கில் வரிசையாக வைத்தார்கள். ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையார் ஆராய்ந்து 2,975 என்று மதிப்பிட்டனர். கவர்னர் ரோஸெல்லோ அதை ஒப்புக்கொண்டார்.

2019 ஜூலையில் கவர்னரும் சகாக்களும் பரிமாறிக்கொண்ட அந்தரங்கச் செய்திகள் வெளியாயின. பிணங்களைப் பற்றிய பரிகாசமும் அவற்றில் இருந்தது. லட்சக்கணக்கானோர் வீதியில் திரண்டனர். ஆகஸ்டு 2-ந் தேதி அவர் பதவியை விட்டு இறங்கினார்.