தட்டம்மையும் பெற்றோரின் கடமையும்

நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களிடம் ஓட்டி வரலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. ஒட்டகங்களுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், இறைவன் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைச் செல்வங்களுக்கு எவ்வளவு வேண்டும்!

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓத வரும் சிறுவன் ஒருவன் இருமலோடும் சிவந்த கண்களோடும் மதரஸாவுக்கு வந்தான். சாதாரணச் சளி என்றெண்ணி, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே அமர்த்தினேன். மூன்றாம் நாள் அவன் முகத்தில் செந்தடிப்புகள் தோன்றின. இரு வாரங்களுக்குள் மேலும் நான்கு பிள்ளைகள் படுத்துவிட்டனர். அவர்களுள் ஒரு சிறுமிக்கு நிமோனியா கண்டு, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தாள். அன்று நான் அறியாதிருந்ததை இன்று நீங்கள் அறிந்துகொள்ளுங்கள்.

நோயின் போக்கு

மணல்வாரி என்றும் அழைக்கப்படும் தட்டம்மை, வைரஸ் கிருமியால் உண்டாவது. இருமலிலும் தும்மலிலும் காற்றில் கலக்கும் கிருமி, நோயாளி அகன்ற பின்னும் அவ்வறையில் 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நெருங்கியிருந்தால் 9 பேரைத் தொற்றிவிடும். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவை முதலில் வரும். அதன் பின்னரே தடிப்புகள் முகத்திலும் காதோரத்திலும் தொடங்கி உடலெங்கும் இறங்கும். தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்பிருந்தே நோய் பரவுகிறது. தோன்றிய பின்னும் 4 நாட்கள் வரை பரவும். ஆகவே காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையை, ஓதல் தவறிவிடுமே என்று அஞ்சி மதரஸாவுக்கு அனுப்பாதீர்கள்.

செய்ய வேண்டியவை

அம்மைக்கு மருந்து கொடுக்கலாகாது என்னும் எண்ணம் நம் வீடுகள் சிலவற்றிலும் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளப் பணித்த மார்க்கம் நம்முடையது. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூல் எழுதியவரே, 9ஆம் நூற்றாண்டில் ரய் நகரில் பிறந்த முஸ்லிம் மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ அல்லவா?

இக்கிருமியை ஒழிக்கத் தனி மருந்து இல்லை. ஆயினும் சிகிச்சை உண்டு. பிள்ளையைத் தனியறையில் ஓய்வாக வையுங்கள். தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்தாதீர்கள். நீர், கஞ்சி, இளநீர் அடிக்கடி கொடுங்கள். மருத்துவர் அடுத்தடுத்து 2 நாட்கள் தரும் வைட்டமின் 'ஏ' மருந்து, பார்வையையும் உயிரையும் காக்க வல்லது. மூச்சு வாங்குதல், வலிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, நீரும் அருந்த இயலாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள். அதற்காகப் புறப்பாட்டைத் தாமதிக்காதீர்கள்.

வருமுன் காப்போம்

தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை 9 மாதம் நிறைந்ததும் ஒரு முறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் போட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். 2017இல் தமிழ்நாட்டில் இத்தடுப்பூசி இயக்கம் நடந்தபோது பரவிய வதந்திகளைக் கேட்டுப் பின்வாங்கியோர் பலர். இரு தவணையும் போட்டுக்கொண்ட 100 பேரில் ஏறத்தாழ 97 பேருக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதே உண்மை.

சகோதர சகோதரிகளே! இன்றே உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவறிய தவணை இருப்பின் இவ்வாரமே அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பிள்ளையைக் காப்பது, அதன் அருகமர்ந்து ஓதும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் காப்பதாகும். வல்ல அல்லாஹ் நம் மக்கள் அனைவருக்கும் நலவாழ்வு அருள்வானாக! ஆமீன்.