கட்டம் போட்ட லுங்கி

லுங்கி, கைலி, சாரம் மூன்றும் ஒரே உடையின் பெயர்கள்தான். சென்னையில் லுங்கி என்றால்தான் கடைக்காரருக்குச் சட்டென்று புரியும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவரும் இலங்கைத் தமிழரும் சாரம் என்பார்கள். வேட்டி வெள்ளைத் துணி, கரை வைத்தது, விரித்துக் கட்டுவது. லுங்கி பெரும்பாலும் கட்டம் போட்டது. இரு முனைகளையும் சேர்த்து மூட்டிக் குழாய் போல உள்ளே நுழைந்து உடுத்துவது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையல்ல, அளவை. உறையின் மேல் 2 மீட்டர் என்று இருந்தால் அது துணியின் நீளம். மூட்டியபின் அதுவே சுற்றளவு. பருத்த உடலுக்கு அது போதாது; மடிப்பு நிற்காமல் நடக்கும்போதே நழுவும். 2.25 மீட்டராகக் கேட்டு வாங்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது அகலத்தைத்தான். தறியில் துணியின் அகலம் எதுவோ அதுவே உடுத்தும்போது உயரம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் உள்ள அளவோடு, சுருட்டிச் செருக நான்கு விரலும் துவைத்தால் சுருங்குவதற்கு இரண்டு விரலும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. புதுப் பருத்தித் துணி முதல் இரண்டு மூன்று துவைப்பில் சுருங்கத்தான் செய்யும். சுருங்கி மேலேறிய லுங்கியை யாராலும் நீட்ட முடியாது.

மூட்டி விற்கும் லுங்கியானால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்க வேண்டும். கட்டங்கள் தையலின் இருபுறமும் கோணாமல் சேர்ந்திருக்கின்றனவா, நூல் பிரிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். மூட்டாததை வாங்கிப் பக்கத்துத் தையல்காரரிடம் இரட்டைத் தையலாகப் போட்டுக்கொள்வது இன்னும் மேல்.

அடுத்தது துணி. நல்ல கட்ட லுங்கி நூலிலேயே சாயம் ஏற்றி நெய்யப்படுவது. முன்புறம், பின்புறம் இரண்டிலும் கட்டம் ஒரே அழுத்தமாக இருக்கும். அச்சடித்த லுங்கியில் பின்புறம் வெளுத்துத் தெரியும். நூலின் மென்மையை ‘நம்பர்’ சொல்லிவிடும். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை வருமோ, அதுவே அந்த நூலின் நம்பர். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 40 நம்பர் துணி தடிப்பானது, முரட்டு உழைப்புக்குத் தாங்கும். சென்னை வெயிலில் வீட்டில் உடுத்த 60, 80 நம்பர்தான் சுகம். கையில் வாங்கியதும் மொடமொடவென்று இருந்தால் அது கஞ்சியாக இருக்கலாம். ஒரு மூலையை விரல்களுக்கிடையில் கசக்கினால் கஞ்சி தூளாக உதிரும். துணியின் உண்மையான நெருக்கம் அப்போதுதான் தெரியும்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு, அதுவும் சென்னைக்கு அருகிலேயே. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய பழவேற்காட்டிலிருந்து கட்டம் போட்ட துணிகள் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கப்பலேறின. ஐரோப்பியர் வாயில் ‘புலிகாட்’ ஆன அந்த ஊரின் பெயரால், மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டச் சாரத்தை இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே அழைக்கிறார்கள். 1960களில் அமெரிக்கர்கள் துவைக்கத் துவைக்கச் சாயம் கசியும் மெட்ராஸ் கட்டத் துணியை அந்தக் கசிவுக்காகவே விரும்பி வாங்கினார்கள். வீட்டு லுங்கிக்கு அந்தப் பெருமை வேண்டாம். ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்தால் போதும். நிறம் அழுத்தமாக ஒட்டினால் அந்த லுங்கியை விட்டுவிடலாம்.

கைத்தறியா விசைத்தறியா என்பது விலையை மட்டும் பொறுத்த கேள்வி அல்ல. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே எனப் பட்டியலிட்டு ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. லுங்கி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் கடைகளில் விசைத்தறி லுங்கி மலிந்து கிடக்கிறது. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் லுங்கி நெய்து வாழும் நெசவாளர்களின் கூலி இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்புவதைவிட, 2006இல் தொடங்கிய கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பார்ப்பதே வழி.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் தேர்ந்தெடுக்க நிறைய உண்டு. கூட்டத்தில் நின்று விரித்துப் பார்க்கத்தான் இடமிருக்காது. வார நாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாறிலும் உள்ள சிறிய ஜவுளிக்கடைகள் இதற்கு ஏற்றவை. கைத்தறிதான் வேண்டும் என்பவர் எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸுக்குப் போவதே நேர்வழி. 1935இல் தொடங்கிய இந்தக் கூட்டுறவு நிறுவனம் நெசவாளர் சங்கங்களிடமிருந்து வாங்கி விற்கிறது. தீபாவளியையொட்டித் தள்ளுபடியும் தருகிறது.

எங்கே வாங்கினாலும் புது லுங்கியை முதல் இரண்டு முறை தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.