சுக்கு மணக்கும் புது வீடு

குடி போகும் வீட்டுக்கு முதலில் உப்பும் மஞ்சளும் போகணும் என்பார்கள். பிள்ளையார்பாளையத்தை விட்டுத் தாம்பரம் வந்தபோது நாங்களும் அப்படியே செய்து, பால் காய்ச்சினோம். ஆனால் தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த மாமியாருக்கு இந்த வீடு ஒட்டவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நாலாம் நாள் காஞ்சிபுரம் இட்லி வைத்தேன். பச்சரிசி, உளுந்தைக் கரகரவென்று அரைத்து, புளித்தபின் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்க்கணும். வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி வேகவைப்பார்கள். எனக்கு வாய்த்தது டம்ளர்தான்!

மூளையில் ஞாபகத்தை ஆளும் பகுதியோடு வாசனைக்கு நெருங்கிய தொடர்பு உண்டு, சகோதரிகளே. சுக்கு மணம் எழும்பியதுமே மாமியார் அடுக்களை வாசலில் நின்றார்.

"ஏம்மா, மிளகை ஒண்ணு ரெண்டாத்தானே உடைச்சே?"