மணிக்கட்டு வலிக்கிறதா? மவுஸைக் கொஞ்சம் கவனியுங்கள்!

"அத்தை, கட்டை விரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் சுருக்குனு இழுக்குது. பேனா பிடிக்கவே முடியலை..."

போன டிசம்பரில் கோத்தகிரியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் அவர் மகன் வலது கையை நீட்டிக் காட்டினான். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனோ, "அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்ல போட்டாதான் சரிப்படும்" என்று குதித்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கிய அம்மாவுக்குச் சிரிப்பு. "நாள் பூரா கொழுந்து கிள்ளினப்ப வராத வலி, எலியைப் பிடிச்சா வருதாக்கும்!"

வரும். மவுஸைத் தப்பாகப் பிடித்தால் நிச்சயம் வரும்.

பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனோம். மேஜை மேல் ஒரு மவுஸை வைத்து, "எப்படி விளையாடுவேன்னு செஞ்சு காட்டு தம்பி" என்றார் அவர். பையன் மவுஸை இறுக்கிப் பிடித்தான். மணிக்கட்டு மேஜை விளிம்பில் அழுந்தியிருக்க, அதை மட்டும் வெடுக் வெடுக்கென்று திருப்பினான். முழங்கை அசையவே இல்லை.

"கையை ஏன் நகர்த்த மாட்டேங்கிறே?"

"கொஞ்சம் நகர்த்தினாலே ஸ்கிரீன் சுத்திடும் சார்."

விஷயம் அங்கேதான் இருந்தது. அவன் விளையாடுவது 2020-ல் வந்த 'வேலரன்ட்'. இந்த வகைத் துப்பாக்கி விளையாட்டுகளில் திரைதான் நம் கண். மவுஸை நகர்த்தினால் தலை திரும்பும். எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு திரும்பும் என்பதைத்தான் 'சென்சிட்டிவிட்டி' என்கிறார்கள். அதை முடிவு செய்பவை இரண்டு எண்கள். ஒன்று மவுஸில் இருக்கும் டி.பி.ஐ., இன்னொன்று விளையாட்டுக்குள் வைக்கும் எண். பையன் வைத்திருந்தது 1600-ம் 1-ம்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கூல் ஸ்கேலை எடுத்து அளந்தோம். விளையாட்டின் பயிற்சி அறையில் ஒரு சுவரின் மூலையைக் குறி பார்த்து நின்று, ஒரு முழுச் சுற்று சுற்றி அதே மூலைக்கு வரும்வரை மவுஸை நகர்த்த வேண்டும். வெறும் 8 சென்டிமீட்டர்! அதாவது ஒரு டிகிரி திரும்பக் கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அந்த நூலிழையில் குறி தவறாமல் நிறுத்த, மணிக்கணக்காக விரலையும் மணிக்கட்டையும் விறைத்துப் பிடித்தால் தசைநார் என்ன பாடுபடும்? போதாக்குறைக்குக் கோத்தகிரி குளிர் வேறு. சில்லிட்ட விரல்கள் இன்னும் மரத்துப்போகும்.

டி.பி.ஐ.யை 800-க்கு இறக்கிவிட்டு, விளையாட்டின் எண்ணை முதலில் 0.8 ஆக்கினான். சுற்று 20 சென்டிமீட்டர் ஆனது. ஒரு வாரம் கழித்து 0.6. இப்போது 27. கை முழங்கையிலிருந்து நகர ஆரம்பித்தது. "இன்னும் குறைச்சா இன்னும் நல்லதுதானே அத்தை?" என்று ஆசைப்பட்டு 0.3 வைத்தான். சுற்றுக்கு 54 சென்டிமீட்டர்! தோள்பட்டை வலி தொடங்கியது. கீபோர்டு போக மேஜையில் இருந்ததே ஓரடி இடம். பாதி திரும்புவதற்குள் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 0.5-ல் நிலைத்தான். சுற்றுக்கு சுமார் 33.

அதனால் 'பெரிய ஆட்டக்காரர் என்ன எண் வைத்திருக்கிறார்' என்று பார்த்துக் காப்பியடிப்பதில் பயனில்லை. அவருடைய மேஜை வேறு, கை வேறு. பாதிச் சுற்று உங்கள் மேஜையில் தாராளமாக அடங்க வேண்டும். குறி அடிக்கடி இலக்கைத் தாண்டிப் போனால் எண்ணைக் கொஞ்சம் குறையுங்கள், எட்டாமல் நின்றால் கூட்டுங்கள். தினம் ஒரு எண் மாற்றினால் கை எதற்குமே பழகாது. 'கவுன்டர் ஸ்ட்ரைக்' விளையாடுகிற பிள்ளை என்றால், வேலரன்ட் எண்ணை 3.18-ஆல் பெருக்கினால் அதே வேகம் கிடைக்கும்.

எண்ணை மாற்றியதால் மட்டுமே வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நாற்காலியில் தலையணை போட்டு முழங்கையை மேஜை மட்டத்துக்கு உயர்த்தினோம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருக்கச் சொன்னோம். உட்காரும் முன் வெந்நீரில் கையை வைத்து எடுக்கிறான்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, இரவில் ஊசி குத்துவது போல எரிந்து தூக்கம் கலைவது, கையிலிருந்து டம்ளர் நழுவுவது... இதெல்லாம் மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். மவுஸ் எண்ணை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

பொங்கலுக்கு போன் செய்தபோது, "மூணு மணி நேரம் மாடல் எக்ஸாம் எழுதினேன் அத்தை, கை வலிக்கலை" என்றான். கம்ப்யூட்டர் பரண் ஏறவில்லை. ஆனால், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மவுஸ் அண்ணியின் பீரோவுக்குள் போய்விடுகிறதாம்!