மீட்டர் காட்டாத வயது

மாணவர்களே, கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றை உங்கள் அப்பா விலை பேசுகிறார். “மீட்டரைப் பாருங்க, அதிகம் ஓடவே இல்லை” என்கிறார் விற்பவர். ஓடாமல் நின்றாலும் வண்டிக்கு வயதாகும்.

டயரின் பக்கவாட்டில் 2314 என்பதுபோல் நான்கு இலக்கம் தேடுங்கள். 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு என்று பொருள். தேயாத டயரிலும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி விரிசல் விடச் செய்யும். அடியிலும் குனிந்து பாருங்கள். லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் அடிச்சட்டமோ எஃகு!

பெரிய ஆபத்து பிரேக் எண்ணெயில் இருக்கிறது. பெயர்தான் எண்ணெய், காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சித் தன்னோடு கலந்துகொள்ளும். புதிய ‘டாட் 4’ வகை 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ரிங்லெட் தாண்டித் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடு ஏறி, உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். கால்மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

பிரேக் எண்ணெயை எந்த ஆண்டு மாற்றினார்கள் என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையென்றால், மலையிறங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.