லால்பேட்டை என்னும் ஊர்ப்பெயரும் உலாவிப் பதிப்புகளும்

ஏட்டுச்சுவடிகளை அச்சிற்குக் கொணர்ந்த பெரியோர், ஒரு நூலுக்குக் கிடைத்த படிகளையெல்லாம் அடுத்தடுத்து வைத்து ஒப்புநோக்கிய பின்னரே பாடம் துணிந்தனர். ஒரு படியை மட்டும் நம்பிப் பதிப்பித்த நூல் எத்துணைப் பிழைபடும் என்பதைத் தமிழ் பயில்வார் நன்கறிவர். இணையத்தில் தமிழ்ப் பக்கம் அமைப்பார்க்கும் இதனையொத்த கடமை ஒன்று உண்டு. ஆயின் ஈண்டுச் சிக்கல் மறுதலையாக அமைந்துள்ளது. மூலம் ஒன்றே, அதனைப் படித்துக் காட்டும் உலாவிகளோ பல. அவற்றின் பதிப்புகள் அவற்றினும் பல. ஒவ்வொரு பதிப்பும் தனக்கென ஒரு பாடத்தைக் காட்டும் இயல்பினது. அப்பாடங்களை ஒரே கணிப்பொறியில் ஒப்பிட்டுக் காண்பது எங்ஙனம், அவ்வாறு காண்பதில் எஞ்சி நிற்கும் குறை யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஆய்விற்கு ஒரு சொல் வேண்டும். வீராணம் ஏரியை ஒட்டிக் காட்டுமன்னார்கோயிலுக்கு அணித்தாய் உள்ள லால்பேட்டையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இவ்வூரார் பலர் வளைகுடா நாடுகளில் வாழ்பவர். ஊரில் நிகழும் மணமும் மரணமும் அவர்க்கு எட்டுவது பெரும்பாலும் திரையின் வழியாகவே. ஆதலின் இப்பெயர் திரையில் உடைந்து தோன்றுமாயின் அஃது அச்சுப்பிழை போலச் சிறிது என ஒதுக்கத் தக்கதன்று.

கண்ணுக்கு இச்சொல் லா, ல், பே, ட், டை என ஐந்து எழுத்து. யூனிகோடு முறையில் கணிப்பொறி இதனைப் பத்துக் குறியீடுகளாகச் சேமிக்கின்றது: லகரம், கால், லகரம், புள்ளி, பகரம், ஏகாரக் குறி, டகரம், புள்ளி, டகரம், ஐகாரக் குறி. சேமிப்பு ஒலிமுறையைப் பின்பற்றுவதால் ஏகாரக் குறி பகரத்தின் பின் நிற்கும்; வரையும்பொழுது அதனைப் பகரத்திற்கு முன்னே கொணர்தல் வேண்டும். ஐகாரத்திற்கும் இதுவே விதி. இவ்விடமாற்றத்தைச் செய்யாத மென்பொருளில், பகரத்திற்கு உரிய கொம்பு டகரத்தின்மேற் சாய்ந்து 'டே' எனப் படிக்க இடந்தரும். இறுதி ஐகாரக் குறி பற்றுக்கோடின்றிச் சொல்லின் கடையில் தொங்கும். புள்ளி இடாத ஏடுகளில் எகர ஏகார மயக்கத்தால் பதிப்பாசிரியர் பட்ட இடர்ப்பாட்டை இஃது ஒருவாறு நினைவூட்டும்.

யூனிகோடு பரவுவதற்கு முன்னர் இருந்த நிலை வேறு. 1990களின் இறுதியில் தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருக் குறியீட்டைக் கையாண்டன. படிப்பார் கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லையெனில், பக்கத்தோடு உடன்வரும் இயங்கு எழுத்துரு உதவியது. நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பிற்கு ஒருவகைக் கோப்பும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மற்றொரு வகைக் கோப்புமாக இரண்டு ஆயத்தம் செய்தல் வேண்டியிருந்தது. பின்வந்த பயர்பாக்ஸ் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற உரோம எழுத்துகள் நிரம்பின. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் குறியீடுகளை ஏற்றது; 2010இல் யூனிகோட்டைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தளம் நடத்தியோர் ஒவ்வொரு பக்கத்தையும் பல உலாவிகளில் திறந்து பார்த்தது ஆர்வத்தால் அன்று; வேறு வழியின்மையால் என்க.

யூனிகோடு வந்தபின் எழுத்துச் சிதைவு முற்றும் நீங்கியதோ எனின், இல்லை. 2008ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிற்கு முற்பட்ட பயர்பாக்சில், விண்டோஸ் கணிப்பொறிகளில், பத்தியின் இருபுற விளிம்பையும் நேர்ப்படுத்துமாறு பணித்தால் தமிழ் உடைந்தது. வரியை நீட்டும்பொருட்டு அவ்வுலாவி எழுத்துகளைத் தனித்தனியே பிரித்து வரைந்தமையே காரணம். அப்பத்தியே இடப்புற ஒழுங்கில் செம்மையாகத் தோன்றிற்று. எக்ஸ்ப்ளோரரில் இருவகையிலும் செம்மையாகத் தோன்றிற்று. எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்த்து நிறைவெய்திய தமிழ் வலைப்பதிவர் பலர், பயர்பாக்ஸ் பயனரின் முறையீட்டால்தான் இதனை அறிந்தனர்.

எழுத்து உடையாவிடத்தும் அமைப்பு உடைதல் உண்டு. லால்பேட்டைக்கு அண்டையூரான 'காட்டுமன்னார்கோயில்' என்னும் பத்தெழுத்துப் பெயரை ஒடுங்கிய பக்கப்பட்டியில் இட்டுப் பார்க்க. எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்பு, குறித்த அகலத்தைக் குறைந்தபட்ச அகலமாகக் கொண்டு பெட்டியையே விரித்துவிடும்; அதனால் அருகில் மிதக்கும் பத்தி இடம் போதாமற் கீழே இறங்கிப் பக்கம் இருகூறாகும். பயர்பாக்சோ பெட்டியை விரிக்காது. சொல் வெளியே நீண்டு அடுத்த பத்தியின்மேல் ஏறும். 2006இல் வந்த எக்ஸ்ப்ளோரர் ஏழாம் பதிப்பு இதில் பயர்பாக்ஸ் நெறிக்கு மாறிற்று. நீண்ட சொல்லை முறித்து அடுத்த வரிக்குத் தள்ளும் கட்டளையை எக்ஸ்ப்ளோரர் முன்னரே கொண்டிருக்க, பயர்பாக்ஸ் 2009இல் 3.5ஆம் பதிப்பில்தான் ஏற்றது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் நெடுஞ்சொற்கள் மிகுதியாதலின், ஆங்கிலப் பக்கத்தில் எளிதில் தலைகாட்டாத இவ்வேறுபாடு தமிழ்ப் பக்கத்தில் முதலிலேயே வெளிப்பட்டுவிடும். இப்பெயரிலுள்ள 'னா' 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் வடிவு மாறிய எழுத்துகளுள் ஒன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய வடிவு தாங்கிய எழுத்துரு அமைந்தால் சொல்லின் அகலமும் வேறுபடும்.

இனி ஒரே கணிப்பொறியிற் பல பதிப்புகளை வைக்கும் முறை. பயர்பாக்சைப் பொறுத்தவரை இது கடினமன்று. பழைய பதிப்புகளை மொசில்லா அமைப்பு பொதுவில் காத்து வைத்துள்ளது. ஒவ்வொன்றையும் தனித்தனி அடைவில் நிறுவி, ஒவ்வொன்றுக்கும் வேறு பயனர் தொகுப்பை வகுத்துக்கொள்ளல் வேண்டும். புதிய பதிப்பு கையாண்ட தொகுப்பைப் பழைய பதிப்பிற் திறந்தால் அமைப்புகள் கெடும். 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் நிறுவல்தோறும் தனித்தொகுப்பு தானே அமைகின்றது. பழையனவற்றிற்கு நாமே செய்தல் வேண்டும். குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலின் அதன் மூலமாகிய குரோமியத்தின் பழைய பதிப்புகளைத் தனித் தரவு அடைவுகளுடன் இயக்குவதே தக்கது.

எக்ஸ்ப்ளோரர் அங்ஙனம் இடங்கொடுக்கவில்லை. அது விண்டோசின் உறுப்பாக அமைந்தமையால் ஒரு கணிப்பொறியில் ஒரு பதிப்பே இருத்தல் கூடும். 2003இல் ஒரு சூழ்ச்சி கண்டறியப்பட்டது: பழைய பதிப்பின் சில கோப்புகளைத் தனி அடைவில் இட்டு, உடன் ஒரு வெற்றுக் கோப்பையும் வைத்தால் அது தனித்து இயங்கும். ஆயின் பதிப்பெண்ணைக் கேட்டுச் செயற்படும் கட்டளைகள் பதிவேட்டிலிருந்த புதிய பதிப்பின் எண்ணையே கண்டு ஏமாந்தன. பிற்காலத்து எக்ஸ்ப்ளோரரில் பழம்பதிப்பைப் போல நடிக்கும் வசதி சேர்ந்தது. அந்நடிப்பும் மூலத்தோடு முற்றும் ஒத்ததன்று. மாயக் கணிப்பொறி என்னும் முறையே நம்பத்தக்கது. ஒரு கணிப்பொறியினுள் மற்றொரு கணிப்பொறியை மென்பொருளால் ஆக்கி, அதனுள் பழைய விண்டோசையும் அதற்குரிய உலாவியையும் நிறுவுவது இது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட் நிறுவனமே இத்தகைய வட்டுப்படிமத்தைச் சோதனைக்கென விலையின்றி வழங்கிற்று.

மாயக் கணிப்பொறியைச் சிறப்பிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பலர் கருதாமல் விடுவதும் இதுவே. விண்டோசில் தமிழ் எழுத்துகளைக் கோத்து வரையும் பணியை நெடுங்காலம் செய்தது உலாவி அன்று. யூனிஸ்கிரைப் என்னும் பொதுக்கூறு. எழுத்துருவும் பொது. ஒரே கணிப்பொறியில் ஐந்து உலாவிகளை நிறுவினும் அவ்வைந்தும் அவ்வொரு கூறையும் அவ்வொரு எழுத்துருவையும் பயன்படுத்துமாயின், நாம் கண்டது ஐந்து சான்று அன்று. ஒரே சுவடியிலிருந்து படியெடுத்த ஐந்து படி. விண்டோஸ் எக்ஸ்பியில், சிக்கல் எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடம்செல்லும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் குறியிடல் வேண்டும். அதனைச் செய்யாத கணிப்பொறியில் லதா எழுத்துரு இன்மையால் தமிழ் வெறுங்கட்டங்களாகத் தோன்றிற்று. பக்கம் அமைத்தவன் தன் கணிப்பொறியில் அக்குறியை என்றோ இட்டிருப்பான். அவனுக்கு இக்குறை ஒருநாளும் புலப்படாது. தமிழோடு அரபுத் தொடர்களும் இடம்பெறும் லால்பேட்டை அறிவிப்புகளுக்கு இரண்டும் அவ்வொரு குறியையே சார்ந்திருந்தன.

இன்று குரோமும் பயர்பாக்சும் ஹார்ப்பஸ் என்னும் கோப்புமுறையைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன; சபாரி ஆப்பிளின் சொந்த முறையைக் கையாள்கின்றது. எக்ஸ்ப்ளோரருக்குரிய ஆதரவு 2022 ஜூன் 15இல் பெரும்பாலும் முடிவுற்றது. ஆதலின் ஆறாம் பதிப்பிற்கென இனி உழைப்பது வீண் என்பது எம் கருத்து. பழைய திறன்பேசிகளே இன்று அவ்விடத்தில் உள்ளன. தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில், ஓபரா மினியின் உள்ளமைப்பைத் திறந்து, எழுத்துகளைப் படமாக அனுப்புமாறு மாற்றித் தமிழ் படித்தவர் பலர். அவர்க்குப் பக்க அமைப்பு ஒரு பொருட்டன்று. எழுத்து தெரிந்ததே பெரிது. சபாரியின் விண்டோஸ் பதிப்பு 2012ஓடு நின்றுவிட்டமையால், ஆப்பிள் அல்லாத கணிப்பொறியில் இன்றைய சபாரியைக் காண இயலாது. ஐபோன் ஒன்றை இரவல் பெற்றேனும் பார்த்தல் வேண்டும்.

சோதனை முடிவைக் குறிக்குங்கால் உலாவியின் பெயரை மட்டும் எழுதுவது பயன்படாது. பதிப்பெண், இயக்கமுறையின் பதிப்பு, திரையில் உண்மையில் எடுத்தாளப்பட்ட எழுத்துருவின் பெயர் ஆகிய மூன்றையும் உடன் குறிக்க. பக்கத்திற் கேட்ட எழுத்துரு வேறாகவும் உலாவி எடுத்துக்கொண்டது வேறாகவும் இருத்தல் கூடும். பயர்பாக்சின் ஆய்வுப் பலகத்தில் எழுத்துருப் பகுதியைத் திறந்தால் இது விளங்கும்.